பாத்ரூம் புதுப்பிக்கும் முன்: பட்ஜெட் போடுவதும் கொட்டேஷனைப் படிப்பதும்

பதினைந்து இருபது வருஷப் பழைய அடுக்குமாடி வீடு, 5-க்கு 7 அடியில் ஒரு பாத்ரூம், தரை டைல்ஸ் ரெண்டு மூன்று இடத்தில் ஆடுகிறது, கீழ் வீட்டுக்காரர் சீலிங்கில் ஓதம் என்று வந்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டார், இனிமேல் தள்ளிப்போட முடியாது. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படி ஒரு நிலைமையில் முதல் தடவையாக இறங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேஸ்திரி மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினால் ஒருவர் 60 ஆயிரம் என்பார், இன்னொருவர் 85 என்பார், மூன்றாமவர் ஒன்றரை லட்சத்துக்குக் குறைந்து பேசவே மாட்டார். இதில் யார் ஏமாற்றுகிறார் என்று யோசிப்பதற்கு முன்னால், மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

முதலில் கேட்க வேண்டியது: அழகா, கசிவா?

டைல்ஸ் மங்கிப்போய்விட்டது, குழாயெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிறது, ஆனால் எங்கேயும் கசிவு இல்லை என்றால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதில்லை. குழாய்களை மாற்றி, டைல் இடுக்குகளை அடைத்திருக்கும் பழைய கலவையை, அதாவது க்ரௌட்டை, சுரண்டி எடுத்துவிட்டு எப்பாக்ஸி க்ரௌட் போட்டு, நல்ல கண்ணாடி ஒன்று மாட்டினாலே பாதிப் பேருக்குப் போதும். பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்டுவதும் உண்டு. அதில் தரை அரை அங்குலமாவது உயரும், கதவை அடியில் அறுக்க வேண்டி வரும், வாசல்படி உயரம் குறைந்துபோய்த் தண்ணீர் படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்க்கும். இதையெல்லாம் சொல்லாமல் "டைல் மேல டைல், ரெண்டே நாள் வேலை சார்" என்று சொல்பவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்.

கசிவு என்றால் கதை வேறு. பாத்ரூமை ரெண்டு நாள் பூட்டி வையுங்கள், குளிக்க வேண்டாம், தரையில் சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆனால் தண்ணீர் லைன் வால்வைத் திறந்தே விட்டிருங்கள். அப்போதும் கீழே ஈரம் குறையாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், அழுத்தத்தில் தண்ணீர் நிற்கிற சுவருக்குள் உள்ள பைப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு நாளில் காய்ந்துகொண்டே வந்தால் தரை, டிராப் (தரைத் தண்ணீர் வடிந்து இறங்கும் வாய்), கழிவுநீர் லைன் இவற்றில் ஏதோ ஒன்று. இந்தச் சின்னச் சோதனைக்குச் செலவே கிடையாது, ஆனால் வருகிற மேஸ்திரியிடம் "எங்கே உடைக்கணும்" என்று நீங்கள் கேட்பதற்கும் அவர் சொல்வதை நம்புவதற்கும் இது பெரிய பலம். தரைக் கசிவுதான் என்று தெரிந்துவிட்டால் டைல் மேல் டைல் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள், தண்ணீர் கீழேதான் போய்க்கொண்டிருக்கும்.

டேப்பை எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் அளவு. 5-க்கு 7 அடி என்றால் தரை 35 சதுர அடி. சுற்றளவு 24 அடி, டைல் 7 அடி உயரம் என்றால் 168, அதில் இரண்டரை அடிக் கதவுக்கு 17.5 கழித்தால் சுவர் சுமார் 150 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் சுவருக்கு 165, தரைக்கு 40 என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். ஒன்றுக்கு இரண்டு அடி டைல் என்று கடையில் சொல்வது நிஜத்தில் 300-க்கு 600 மில்லிமீட்டர். ஐந்து டைல் உள்ள ஒரு பெட்டியை 10 சதுர அடி என்று கணக்குப் போடுவார்கள், அளந்தால் 9.69 தான். 18 பெட்டி வாங்கினால் கடைக் கணக்கில் 180, நிஜத்தில் 174. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கடைசியில் ரெண்டு டைல் குறைந்துபோய் அதே பேட்ச் கிடைக்காமல் அலையும்போதுதான் இது உறைக்கும். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். சுவர் டைலைத் தரைக்குப் போடக் கூடாது. சுவர் டைல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், மேற்பரப்பு வழுக்கும். தரைக்கு ஆன்டி-ஸ்கிட் என்று தனியாகக் கேட்டு, ஒரு டைலைக் கீழே வைத்துத் தண்ணீர் தெளித்து வெறுங்காலால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் விலை பார்க்காதீர்கள்.

வெஸ்டர்ன் க்ளாசெட் வாங்கும் முன் இன்னொரு அளவு: டைல் ஒட்டி முடித்த சுவரிலிருந்து, தரையில் கழிவுக் குழாய் வாயின் நடுப்பகுதி வரை எவ்வளவு? கழிவு தரை வழியாக இறங்கும் எஸ்-டிராப் மாடல்கள் 4, 9, 12 அங்குலம் என்று வேறு வேறு அளவில் வருகின்றன. உங்கள் வீட்டில் 9 இருக்க, கடையில் அழகாக இருக்கிறதே என்று 12 வாங்கி வந்தால் பிளம்பர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார், பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார்.

பட்ஜெட்: பணம் எங்கே போகிறது

கீழே இருப்பது மாதிரிக் கணக்கு. முழுக்க உடைத்துச் செய்யும் வேலை, நடுத்தர விலைச் சாமான். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும், உங்களுக்குக் கிடைக்கும் விலையை இதன் மேல் எழுதிக்கொள்ளுங்கள்.

- உடைப்பு, மூட்டை கட்டி இறக்கி வெளியேற்றுவது: 12,000
- பைப், டிராப், வால்வு வகையறா: 9,000
- பிளம்பர் கூலி: 12,000
- வாட்டர்ப்ரூஃபிங்: 8,000
- சிமெண்ட், எம்-சாண்ட், டைல் பசை, க்ரௌட்: 12,000
- பூச்சு வேலைக் கூலி: 8,000
- டைல்ஸ்: 12,000
- டைல் போடும் கூலி: 10,000
- க்ளாசெட்: 10,000
- குழாய், மிக்சர், ஷவர், ஹெல்த் ஃபாசெட்: 14,000
- கீசர்: 8,000
- எலக்ட்ரிக் வேலை, வயர், சுவிட்ச்: 6,000
- கதவு: 6,500
- எக்ஸாஸ்ட், கண்ணாடி, சில்லறைச் சாமான்: 3,500

கூட்டினால் 1,31,000. இதன் மேல் 15 சதவீதம் தனியாக ஒதுக்குங்கள், ஆக ஒன்றரை லட்சம். அந்த 15 சதவீதத்தைப் பற்றி மேஸ்திரியிடம் மூச்சு விடாதீர்கள்.

இப்போது பட்டியலை மறுபடி பாருங்கள். வாராவாரம் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கிக் குடும்பமே சண்டை போட்டுத் தேர்ந்தெடுக்கிற டைலுக்கு ஆவது 12 ஆயிரம், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதல் ஆறு வரிகளைக் கூட்டுங்கள்: 61 ஆயிரம். கிட்டத்தட்டப் பாதி. வேலை முடிந்த அன்று அதில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் டைலுக்குப் பின்னாலும் அடியிலும் போய்விடும். விலையைக் குறைக்க நினைக்கும் மேஸ்திரி கை வைப்பதும் அங்கேதான். அதனால் பணம் போதவில்லை என்றால் மிக்சரில் குறையுங்கள், கண்ணாடியில் குறையுங்கள், ஷவரைச் சாதாரணமாகப் போடுங்கள். இவற்றையெல்லாம் ரெண்டு வருஷம் கழித்துக்கூட ஒரு ஸ்பானரை வைத்து மாற்றிவிடலாம். சுவருக்குள் போன பைப்பை மாற்ற வேண்டுமானால் திரும்ப முதலிலிருந்து.

உடைப்புக்கு 12 ஆயிரமா என்று தோன்றும். சுவர் டைலும் அதன் பின்னால் உள்ள கலவையும் சேர்ந்து ஒரு அங்குலம் என்றால் 150 சதுர அடிக்கு 12.5 கன அடி, தரையில் மூன்று அங்குலம் கொத்தினால் இன்னும் 9 கன அடி. உடைத்ததும் இது ஒன்றரை மடங்காக உப்பி 32 கன அடி ஆகும். சிமெண்ட் சாக்கில் ஒரு ஆள் தூக்குகிற அளவுக்கு அள்ளினால் நாற்பது மூட்டைக்கு மேல் வரும். மூன்றாவது மாடி, லிஃப்டில் ஏற்ற அசோசியேஷன் விடாது என்றால் அத்தனையும் தோளில் இறங்க வேண்டும். பாத்ரூம் தரை சங்கன் ஸ்லாபாக (மற்ற அறைகளைவிடத் தாழ்த்திப் போட்ட தளமாக) இருந்து, அதற்குள் முக்கால் அடிக்கு நிரப்பியிருக்கிற செங்கல் ஜல்லியையும் எடுக்க வேண்டி வந்தால் இன்னும் 26 கன அடி, அதுவும் எடுத்ததும் உப்பும், அதாவது மூட்டைக் கணக்கு இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். அந்த நிரப்பலைத் தொடுவோமா வேண்டாமா என்பது உடைத்துப் பார்த்த பிறகுதான் தெரியும். 15 சதவீதம் எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான். தெருமுனையில் கொட்டிவிட்டு வருகிறேன் என்பவரை விடாதீர்கள், மாநகராட்சி அபராதம் போட்டால் வீட்டுக்காரர் பெயரிலும் வரலாம்.

ஒரே பட்டியலுக்கு மூன்று விலை

மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டி "எவ்வளவு ஆகும்" என்று கேட்டால் அவர் மனதில் உள்ள வேலைக்கு விலை சொல்வார். அதற்குப் பதில் நீங்களே ஒரு பக்கத்துக்கு எழுதி வையுங்கள்: எந்தச் சுவர் எவ்வளவு உயரம் டைல், சூடு, குளிர் பாயிண்ட் எத்தனை, எந்த டிராப் மாற்ற வேண்டும், வாட்டர்ப்ரூஃபிங் எத்தனை கோட், தண்ணீர் தேக்கிச் சோதிப்பது எத்தனை நாள், மூட்டையை யார் அகற்றுவது, எலக்ட்ரிக் வேலை அவரோடதா தனியா. இந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் மூன்று பேருக்கும் அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே விலை எழுதச் சொல்லுங்கள். "எழுதிக் குடுக்கற பழக்கம் இல்ல சார்" என்பவர்களில் நல்ல வேலைக்காரர்களும் இருக்கிறார்கள், அதற்காக விட்டுவிட வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல நீங்களே எழுதி, அதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பி, "சரிதானேண்ணே?" என்று கேட்டு ஒரு "சரி" வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று எந்த வரிக்குப் பதில் வருகிறதோ அந்த வரியைத் தனியே வட்டம் போட்டு வையுங்கள்.

கூலி மூன்று விதமாகப் பேசுவார்கள். நாள் கூலி என்பது சின்னச் சின்ன ரிப்பேருக்குச் சரி, முழு பாத்ரூமுக்கு வேண்டாம், மூன்று நாள் வேலை ஆறு நாள் ஆகும். சதுர அடிக் கணக்கு டைல் போடுவதற்கு மட்டும் பொருந்தும், அதிலும் சின்ன பாத்ரூமில் வெட்டு வேலைதான் அதிகம் என்பதால் நல்ல டைல்ஸ்காரர்கள் சதுர அடி ரேட்டுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மொத்தமாக ஒரு தொகை கேட்பார்கள். அது நியாயமும்கூட, ரொம்ப இழுத்துப் பிடிக்காதீர்கள். சதுர அடியில் பேசினால் கதவைக் கழிப்பாரா, மூலையில் 45 டிகிரி சரித்து ஒட்டுவதற்குத் தனியாக ரன்னிங் ஃபீட் (நீள அடி) கணக்கா, சோப்பு வைக்கும் மாடத்துக்கு எவ்வளவு என்று முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். மூன்றாவது, மெட்டீரியலோடு சேர்த்த மொத்த காண்ட்ராக்ட். அலைச்சல் குறைவு, ஆனால் பைப் என்ன கம்பெனி, என்ன தரம் என்று எழுதாத மொத்த காண்ட்ராக்ட் உங்களுக்கு ஆகாது. எனக்குப் பிடித்தது இடைப்பட்ட வழி: சிமெண்டும் மணலும் அவர், பைப்பும் டைலும் குழாயும் நாம் கடையில் நேரில் பணம் கட்டி வாங்குவது.

கொட்டேஷனைப் படிக்கும்போது

மொத்தத் தொகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் எது இல்லை என்று பாருங்கள். ஒரு உதாரணம்: டைல், குழாய், கீசர், கதவு எல்லாம் நாம் வாங்கிக் கொடுக்கிறோம், மீதி வேலைக்கு ஒருவர் 62 ஆயிரம், இன்னொருவர் 84 ஆயிரம். 22 ஆயிரம் மிச்சம் என்று முதல் ஆளிடம் போய்விடத் தோன்றும். அவருடைய தாளில் மூட்டை அகற்றுவது இல்லை (6,000), வாட்டர்ப்ரூஃபிங் இல்லை (8,000), எலக்ட்ரிக் இல்லை (6,000), டைல் பசைக்குப் பதில் வெறும் சிமெண்ட் பால் (பசை வேண்டுமென்றால் 4,000). சேர்த்தால் 86 ஆயிரம். இரண்டாமவரைவிட 2,000 அதிகம், அதுவும் ஒவ்வொன்றாக நடு வேலையில், வீடு முழுக்கத் தூசியாகக் கிடக்கும்போது கேட்கப்படும்.

அப்புறம் ஜிஎஸ்டி. வருஷத்துக்கு மொத்த வரவு (டர்ன்ஓவர்) 20 லட்சத்துக்குக் கீழே உள்ள மேஸ்திரிக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, பதிவு இல்லாதவர் அந்த வரியை உங்களிடம் வசூலிக்கவும் முடியாது. இன்டீரியர் கம்பெனி மாதிரி ஆட்களிடம் போனால் தாளின் அடியில் பொடி எழுத்தில் "வரி தனி" என்று இருக்கும். ஒரு லட்சம் என்பது 18 சதவீதம் சேர்ந்து 1,18,000 ஆகிவிடும். ஒப்பிடும்போது ரெண்டையும் வரியோடு ஒப்பிடுங்கள்.

பைப்பில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கீசரிலிருந்து வரும் சுடுதண்ணீர் லைன் சிபிவிசியா? சிபிவிசி பைப்பில் ஐஎஸ் 15778 என்று அச்சடித்திருக்கும், அது 93 டிகிரி வரை தாங்கும். வெள்ளை யுபிவிசி குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும்தான். வாட்டர்ப்ரூஃபிங் வரியில் "கெமிக்கல் அடிக்கப்படும்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. என்ன பொருள், எத்தனை கோட், சுவரில் எவ்வளவு உயரம் ஏற்றி அடிப்பார் (குறைந்தது ஒரு அடி, ஷவர் பக்கம் இன்னும் மேலே), பைப் தரையைத் துளைத்து வரும் இடங்களில் என்ன செய்வார் என்று இருக்க வேண்டும். கசிவு பெரும்பாலும் ஆரம்பிப்பது அந்தப் பைப் ஓரத்திலும் சுவரும் தரையும் சேரும் மூலையிலும்தான். எலக்ட்ரிக்கில் கீசருக்குத் தனி வயர், 16 ஆம்பியர் பாயிண்ட், சரியான எர்த், மெயின் போர்டில் மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் பேரமே கிடையாது.

ஆளை எப்படி எடைபோடுவது

போனில் காட்டும் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள், புது டைல் எல்லாமே படத்தில் பளபளப்பாகத்தான் இருக்கும். அவர் செய்து ரெண்டு வருஷமாவது ஆன பாத்ரூம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போய், டிராப்பிலிருந்து தூரமாக இருக்கும் மூலையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் தயங்காமல் டிராப்பை நோக்கிப் போகும், 7 அடி நீளத்துக்கு ஒரு அங்குலம் இறக்கம் இருந்தால் போதும். கதவோரத்தில் தேங்கி நின்றால் அவர் மற்றதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். ஒரு ரூபாய் நாணயத்தால் டைலின் மூலைகளில் தட்டிப் பாருங்கள், காலிப் பானை மாதிரிச் சத்தம் வந்தால் அடியில் கலவை முழுதாகப் படரவில்லை. கடைசியாக, கதவுக்குப் பின்னாலும் க்ளாசெட்டுக்குப் பின்னாலும் பாருங்கள். கண்ணில் படாத இடத்தில் வெட்டிய டைல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதில் ஆளின் கை தெரிந்துவிடும். அந்த வீட்டுக்காரரிடம் "வேலை முடிஞ்சப்புறம் கூப்பிட்டா வந்தாரா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

வேலையை அவரே செய்கிறாரா, வேறு ஆளுக்கு விடுகிறாரா என்பதையும் கேளுங்கள். விடுவது தப்பில்லை, ஆனால் பிளம்பர் பெயரும் டைல்ஸ்காரர் பெயரும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் "அது பிளம்பர் பண்ண தப்பு சார்" என்ற கதைக்கு இடமில்லாமல் போகும்.

பணம் கொடுக்கும் வரிசை

பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்பார்கள். 15 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், சாமான் வாங்க வேண்டும் என்றால் கடைக்கு நேராக அனுப்பிவிடுங்கள். மிச்சத்தை வேலையின் கட்டங்களோடு கட்டிப்போட வேண்டும், தேதியோடு அல்ல.

உடைத்து, சுவரில் காடி வெட்டிப் பைப் ஓட்டி, கை பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, கேஜ் முள் இறங்காமல் நிற்பதை நீங்கள் பார்த்த பிறகு 25 சதவீதம். பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங் முடிந்து, டிராப்பை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் நிறுத்தி, கீழ் வீட்டு சீலிங்கில் புது ஈரம் இல்லை என்று அவரே வந்து சொன்ன பிறகு 25. (வேலை தொடங்கும் முன்னாலேயே அந்த சீலிங்கைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய கறைக்கெல்லாம் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிராது.) டைல், க்ரௌட் முடிந்ததும் 25. மீதி 10, குழாய் எல்லாம் மாட்டி, ரெண்டு வாரம் குடும்பம் முழுக்கக் குளித்த பிறகு. இந்தக் கடைசி 10 சதவீதத்துக்கு மேஸ்திரி முகம் சுளிப்பார், ஆனால் ஆங்கிள் காக்கில் (சுவரில் மாட்டும் சின்ன வால்வில்) சொட்டுகிற தண்ணீருக்கு அவரைத் திரும்ப வரவைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இடையில் தண்ணீர் கட்டிய நாட்களிலும் பூச்சு காயும் நாட்களிலும் ஆள் யாரும் வர மாட்டார்கள். அந்த நாட்களை வீண் என்று நினைத்து அவசரப்படுத்தாதீர்கள். ஒரு பாத்ரூமுக்கு 15 முதல் 20 நாள் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒரே பாத்ரூம்தான் என்றால் சொந்தக்காரர் வீட்டுக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

நடுவில் கூடுதல் வேலை வரும், வராமல் இருக்காது. "சார், இந்த லைன் முழுக்க அரிச்சுப் போச்சு, மாத்தணும், எட்டாயிரம் ஆகும்" என்று சொன்னால் உடனே தலையாட்டாமல், போய் அந்தப் பைப்பைக் கண்ணால் பார்த்து, ஒரு படம் எடுத்து, சாமான் எவ்வளவு கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதிய பிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். நியாயமான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பூச்சு போட்டு மூடுவதற்கு முந்தின நாள் நாலு சுவரையும் தரையையும் போனில் படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு படத்திலும் டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் பைப் போகிறது, மூலையிலிருந்து எவ்வளவு தள்ளி வயர் போகிறது என்று தெரிகிற மாதிரி. நாளைக்கு டவல் ராடோ, அப்பா அம்மாவுக்குக் கைப்பிடிக் கம்பியோ மாட்ட டிரில்லரோடு ஒருவர் வந்து நிற்கும்போது அந்தப் படம் வேண்டியிருக்கும். மிஞ்சிய டைலில் சுவர் டைல் ஒரு பெட்டியும் தரை டைல் நாலைந்தும் பரண் மேல் போட்டு வைத்துக்கொண்டு, மற்ற பிரிக்காத பெட்டிகளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். பில் இருந்தால் பல கடைகளில் எடுத்துக்கொள்வார்கள்.